துணைவனுக்கென்று ஓர் இதழ்

கதாநாயகனுடைய வீரத்தைக் கண்டு மகிழ்வதற்கு வாசகனுக்குத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. அட்டைப் படத்திலேயே அவன் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான், கதை நெடுகிலும் அவன் நினைத்ததே நடக்கிறது, கடைசிப் பக்கத்தில் வெற்றியும் அவனுக்கே உரியதாகிறது. ஆனால் அந்த நாயகனுக்கு இரண்டடி பின்னால் நின்று, அவனுடைய காயத்துக்குக் கட்டுப் போட்டு, அவன் அவசரப்படும்போது எச்சரித்து, அவன் வென்ற பின்பு தன் பங்கைக் கேளாமல் ஒதுங்கிக்கொள்கிற துணைவனை நின்று கவனிப்பதற்கு, வாசகனிடத்தில் ஒருவகைப் பக்குவம் வேண்டியிருக்கிறது. சித்திரக்கதைப் பிரசுரங்களில் என்றோ ஒருமுறை ஆசிரியர்கள் அந்தத் துணைவனைப் பின்வரிசையிலிருந்து அழைத்து, ஓர் இதழ் முழுவதையும் அவனுக்கே ஒப்படைத்துவிடுகிறார்கள். அத்தகைய இதழ் வெளிவந்ததும் வாசகர்களிடையே எழுகிற அபிப்பிராயங்கள், நாயகனுடைய நூறு வெற்றிகளைப் பற்றி எழுகிறவற்றைக் காட்டிலும் பலவிதமானவை. சில வேளைகளில் கோபமும் நிறைந்தவை.

அந்த அபிப்பிராயங்களே இக்கட்டுரையின் விஷயம். துணைப்பாத்திரத்தைப் பற்றி ஒரு வாசகன் என்ன சொல்லுகிறான் என்பதைக் கொண்டு, சக மனிதர்களை அவன் எவ்வாறு மதிக்கிறான் என்பதையும் அறிந்துகொள்ளலாம் என்பது என் திடமான எண்ணம். புதுச்சேரியைச் சேர்ந்த வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் சித்திரக்கதை வாசிக்கும் அன்பர்களோடு பழகிப் பேசியதில் அந்த எண்ணம் மேலும் உறுதிப்பட்டிருக்கிறது.

ஏரிக்கரை ஊர்களும் சிவகாசிப் புத்தகங்களும்

புதுச்சேரி என்றவுடன் வெளியூரார் மனத்தில் எழுவது கடற்கரைச் சாலையும், நேர்கோடாக ஓடும் வீதிகளும், பிரெஞ்சுக்காரர் கட்டிவைத்த மாளிகைகளுமே. அந்த நகரத்துக்கு அரிசியும் காய்கறியும் பாலும் அனுப்பிக்கொண்டு, சுற்றுலா விளம்பரங்களில் தன் பெயரைத் தேடாமல் வாழ்கிற நாட்டுப்புறம் ஒன்று அதன் மேற்கிலும் தெற்கிலும் பரந்து கிடக்கிறது. அரியாங்குப்பம், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, வில்லியனூர் என்னும் ஐந்து கொம்யூன்களாக வகுக்கப்பட்ட அந்த நாட்டுப்புறத்தில், திருக்காமீஸ்வரர் கோயிலும் லூர்து மாதா திருத்தலமும் விளங்கும் வில்லியனூரும், மூலநாதர் கோயிலும் பெரிய ஏரியும் கொண்ட பாகூரும் தனிச் சிறப்புடையவை. ஊசுடு ஏரிக்கரையிலும் பாகூர் ஏரிக்கரையிலும் வாழ்கிறவர்கள், ஒரு பிரதேசத்தின் கதையில் துணைப்பாத்திரமாக இருப்பது இன்னதென்று அனுபவத்தாலேயே உணர்ந்தவர்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

இவ்வூர்களுக்குச் சித்திரக்கதைகள் வந்து சேர்ந்த வழியும் கவனிக்கத்தக்கது. 1972-இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் அவர்கள் தொடங்கிய முத்து காமிக்ஸ், 'இரும்புக்கை மாயாவி'யைத் தன் முதல் இதழாக வெளியிட்டது. 1962-இல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் பிறந்த அந்த மாயாவி, மின்சாரம் பாய்ந்தவுடன் உடல் முழுதும் மறைந்து, இரும்புக் கை மட்டும் வெளியே தெரிய உலாவினான். தமிழ்ச் சிறுவர்கள் பலருக்கு முதல் அதிசய வீரன் அவனே. 1984-இல் அதே சிவகாசியிலிருந்து விஜயன் அவர்களை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் எழுந்தது. அவ்வாண்டிலேயே ராணி காமிக்ஸும் தோன்றி, ஜேம்ஸ் பாண்டையும் பின்னாளில் முகமூடி அணிந்த வனவாசி மாயாவியையும் சிற்றூர்ப் பெட்டிக்கடைகள் வரையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. நகரத்துக் கடைகளில் வாங்கப்பட்ட ஒரு பிரதி, பேருந்தில் வில்லியனூருக்கும் பாகூருக்கும் வந்து, அண்ணனிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டு நண்பனுக்குமாகக் கைமாறி, அட்டை கிழிந்து தைக்கப்பட்ட பின்பும் ஓய்வு பெறாமல் உழைத்தது. புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகக் குவியலைக் கிளறி விட்டுப்போன இதழ்களைத் தேடி எடுத்தவர்களும் இவ்வூர்களில் உண்டு. இடையில் தளர்ந்திருந்த லயன், முத்து இதழ்கள் 2012-இல் புத்துயிர் பெற்றுச் சந்தாதாரர்களின் வீட்டுக்கே வந்து சேரத் தொடங்கிய பிறகு, சிறுவயதில் வாசித்தவர்கள் நரைத்த தலையோடு மீண்டும் வாசகர்களானார்கள்.

பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்த மண்ணை விட்டு நீங்கியது. ஆனால் பிரெஞ்சு மொழியில் சிருஷ்டிக்கப்பட்ட லக்கி லூக்கும், தமிழில் கேப்டன் டைகர் என்று பெயர் பெற்ற ப்ளூபெர்ரியும், பாரிஸிலிருந்து நேரே வராமல் சிவகாசி வழியாகத் தமிழ் பேசிக்கொண்டு இந்தக் கொம்யூன்களுக்குள் நுழைந்தார்கள் என்பது சரித்திரத்தின் ஓர் இனிய விசேஷம். ஆங்கில நாயகனும் அமெரிக்க நாயகனும் இத்தாலிய நாயகனும் ஒரே கயிற்றுக் கொடியில் தொங்கிய பெட்டிக்கடை வாசலில்தான், இவ்வூர் வாசகன் உலகத்தின் பலவகை வீரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டான்.

வெள்ளிமுடியார் முன்னுக்கு வந்த கதை

துணைப்பாத்திரத்துக்கென்று அமைந்த இதழ்களில் தமிழ் வாசகர்கள் நெஞ்சில் நிலைத்து நிற்பது எது என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் சொல்லும் பெயர் 'கார்சனின் கடந்த காலம்' என்பதே. இதன் அருமையை உணர, அந்தத் தொடரின் பின்னணியைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

1948 செப்டம்பரில் இத்தாலியில், ஜியான் லூய்ஜி பொனெல்லி எழுத, ஆரேலியோ கலெப்பினி சித்திரம் தீட்ட, டெக்ஸ் வில்லர் என்னும் நாயகன் பிறந்தான். ரேஞ்சராகவும் நவஹோ மக்களின் தலைவனாகவும் விளங்கும் அவனுக்கு வானில் பறக்கும் சக்தி இல்லை. மறையும் சக்தியும் இல்லை. ஆயினும் குறி தவறாத துப்பாக்கியும் தளராத நியாய உணர்வும் அவனை ஓர் அதிமானுட வீரனின் ஸ்தானத்திலேயே வைத்திருக்கின்றன. தமிழ் ரசிகர்கள் அவனை 'இரவுக் கழுகார்' என்று மரியாதை விகுதி சேர்த்து அழைக்கிறார்கள். அவனுடைய கூட்டாளி கிட் கார்சன், நரைத்த தலைமயிரின் காரணமாக 'வெள்ளிமுடியார்' ஆகிறார். புறப்படும்போதே சலித்துக்கொள்வது, வழியெல்லாம் முணுமுணுப்பது, ஊரைக் கண்டதும் உணவு விடுதியைத் தேடுவது, ஆபத்து வந்த கணத்தில் முதலாவதாகத் துப்பாக்கியை உருவுவது ஆகிய இவையே அவருடைய லட்சணங்கள். பல்லாண்டுக் காலம் அவர் நகைச்சுவைக்கும் நட்புக்கும் உரிய பாத்திரமாகவே இருந்து வந்தார். இந்தப் பெயரை அமெரிக்கச் சரித்திரத்திலிருந்து எடுத்தார்கள். 1809 முதல் 1868 வரையில் வாழ்ந்த மெய்யான கிட் கார்சன், 1863-64-இல் நவஹோ மக்களை அவர்களுடைய சொந்த நிலத்திலிருந்து விரட்டிய படைக்குத் தலைமை தாங்கியவர். கதையில் வரும் கார்சனோ, அந்த நவஹோக்களின் தலைவனுக்கே உயிர்த்தோழர். சரித்திரம் இழைத்த கொடுமைக்குக் கற்பனை செய்த பிராயச்சித்தமாக இதைக் கொள்ளலாம்.

1994-இல் மௌரோ போசெல்லி என்னும் எழுத்தாளர், மார்ச்செல்லோ என்ற ஓவியரின் துணையோடு, இந்த வெள்ளிமுடியாரின் இளமைக் காலத்தை எடுத்து இத்தாலியில் நெடுங்கதையாக்கினார். தங்க வேட்டையால் முளைத்த மொன்டானா பிரதேசத்து ஊர், அங்கே கார்சனுக்கு வாய்த்த ஒரு நண்பன், ஒரு காதல், ஒரு துரோகம், பல்லாண்டு கழித்துத் தீர்க்கப்பட வேண்டிய பழைய கணக்கு என்று விரிகிறது அந்தக் கதை. ஊருக்குக் காவலனாகவும் மறைவில் கொள்ளைக் கூட்டத்தின் தலைவனாகவும் இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1864 ஜனவரி 10-ஆம் தேதி பன்னாக் என்னும் ஊரில் தூக்கிலிடப்பட்ட ஷெரீஃப் ஹென்றி ப்ளம்மரின் மெய்யான சரித்திரம் இதற்கு உரமாக அமைந்திருக்கிறது. இன்னும் வாசியாதவர்களின் ரசனையைக் கெடுக்க மனமின்றி, கதையை இவ்வளவோடு நிறுத்துகிறேன். லயன் காமிக்ஸ் இதனை முதலில் கறுப்பு வெள்ளையில் தமிழாக்கி வெளியிட்டது. வாசகர்களின் நீங்காத அன்பின் காரணமாக, பிற்காலத்தில் வண்ணத்தில் மறுபதிப்பும் செய்தது. ஒரு துணைப்பாத்திரத்தின் கதை இரண்டாம் முறை, அதுவும் முன்னிலும் அழகிய உருவத்தில் கேட்டுப் பெறப்பட்டது என்பதே, வாசகர் அபிப்பிராயத்தின் வலிமைக்குப் போதிய சான்று.

மூன்று வகை அபிப்பிராயங்கள்

இத்தகைய இதழைப் பற்றி இக்கொம்யூன்களின் தேநீர்க் கடைகளிலும், பேருந்து நிறுத்தங்களிலும், ஏரிக்கரை மாலைப் பேச்சுகளிலும் கேட்கக் கிடைக்கிற அபிப்பிராயங்களை மூன்று வகையாகப் பகுக்கலாம்.

முதல் வகையினர், இதழின் அட்டையில் நாயகன் பெயரைக் கண்டு வாங்கியவர்கள். மாதச் சம்பளத்திலோ விளைச்சல் விற்ற பணத்திலோ ஒரு பகுதியை ஒதுக்கிச் சந்தா கட்டுகிற தங்களுக்கு, நாயகன் ஓரமாக ஒதுங்கி நிற்கும் கதை முழு நிறைவு தரவில்லை என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தை அலட்சியம் செய்வது நியாயமாகாது. உழைத்துக் களைத்தவன் மாலையில் ஒரு மணி நேரம் தோல்வியறியாத வீரன் ஒருவனோடு இருக்க விரும்புகிறான்; அந்த விருப்பத்தில் இழிவானது எதுவும் இல்லை. துணைவனுடைய கதையைச் சொல்லும் ஆசிரியன், நாயகனைத் தேடி வந்த இந்த வாசகனுக்கும் கடமைப்பட்டவன் என்பதை மறந்தால், அவன் எழுதுவது எவ்வளவு உயர்ந்ததாயினும் பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவிடும்.

இரண்டாம் வகையினர், துணைவனுடைய கதையைப் படித்த பிறகே நாயகனைச் சரியாகப் புரிந்துகொண்டோம் என்கிறார்கள். வில்லியனூரில் வைகாசித் தேரோட்டத்தைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: தேர்மேல் வீற்றிருக்கும் சுவாமியைத்தான் எல்லோரும் கைகூப்பிப் பார்க்கிறார்கள், ஆனால் சக்கரத்துக்கு அருகே குனிந்து உரிய கணத்தில் முட்டுக்கட்டை கொடுக்கிறவர் கைதவறினால் தேர் வீதி திரும்பாது. கார்சனின் கதையில் டெக்ஸ் ஆர்ப்பாட்டமாக எதையும் செய்வதில்லை. நண்பனுடைய பழைய புண்ணைக் கிளறாமல், அதே சமயம் அவனைத் தனியே விட்டுவிடாமல் உடனிருக்கிறான். துப்பாக்கி வேகத்தைக் காட்டிலும் இந்தப் பொறுமையே அவனை மகா வீரனாக்குகிறது என்று இந்த வாசகர்கள் வாதிக்கும்போது, அவர்களுடைய முகத்தில் தம் சொந்த நண்பர்களை நினைத்துக்கொண்ட பிரகாசம் தெரிகிறது. நாயகன் வயதாகாதவன், மாறாதவன். நேற்று வாசித்த அவனே நாளையும் வருவான். துணைவனோ காதலித்துத் தோற்கிறான், நம்பி ஏமாறுகிறான், தலை நரைக்கிறான். நம்மைப் போன்ற ஜீவன் அவனே என்பதால்தான், அவன் கதை நம் நெஞ்சைத் தொடுகிறது.

மூன்றாம் வகையினரின் அபிப்பிராயம் நுட்பமானது. எனக்கு மிகுந்த யோசனையைத் தந்ததும் அதுவே. கார்சனுடைய முணுமுணுப்பை இத்தனை காலம் கவலையின்றிச் சிரித்து அனுபவித்தோம், அதன் அடியில் இவ்வளவு பெரிய துக்கம் கிடக்கிறதென்று தெரிந்த பிறகு முன்போல் எப்படிச் சிரிப்பது என்று அவர்கள் கேட்கிறார்கள். துணைவன் நிழலில் நிற்பதால்தான் அவனிடத்தில் ஒரு வசீகரம் இருக்கிறது; விளக்கைக் கொண்டுபோய் முகத்துக்கு நேரே பிடித்தால் அந்த வசீகரம் கலைந்துவிடும் என்பது அவர்கள் கட்சி. இதற்கு என் பணிவான மறுமொழி உண்டு. மனிதனுடைய துக்கத்தை அறிந்த பிறகும் அவனோடு சேர்ந்து சிரிக்க முடிவதுதான் நெருக்கத்தின் லட்சணம். வீட்டில் வயது முதிர்ந்த தாத்தா ஒருவர் தொட்டதற்கெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது நாம் சிரிக்கிறோம். அவர் இளமையில் பட்ட பாட்டை என்றோ ஒருநாள் அப்பா சொல்லக் கேட்ட பிறகும் சிரிக்கிறோம். ஆனால் பின்னதில் மரியாதையும் கலந்திருக்கிறது. நல்ல கதை நம் சிரிப்பைப் பறிப்பதில்லை, அதற்குக் கனம் சேர்க்கிறது.

இந்த மூன்று வகைக்கும் அப்பால் இன்னொரு கேள்வியும் எழுகிறது. கார்சனுக்கு வாய்த்தது எல்லாத் துணைவர்க்கும் வாய்த்ததா? 1934-இல் தோன்றிய மந்திரவாதி மாண்ட்ரேக்கின் தோழன் லொதார், ஆப்பிரிக்க நாட்டு அரச குமாரனாக இருந்தும், தொடக்க காலத்தில் சிறுத்தைத் தோல் போர்த்திய ஏவலாளாகவே சித்தரிக்கப்பட்டான். 1965-இல் பிரெட் பிரெடெரிக்ஸ் ஓவியப் பொறுப்பை ஏற்ற பிறகே அவனுக்குக் கௌரவமான உடையும், நாயகனுக்குச் சமமான பேச்சும் கிடைத்தன. சித்திரக்கதை நாயகன் ஸ்பைடரின் கதைகளில் அவனுடைய கூட்டாளிகளான பெல்ஹாமும் ஆர்டினியும் கட்டளைக்குக் காத்து நிற்பவர்களாகவே காலம் கழித்தார்கள். மறுபுறத்தில், லயன் காமிக்ஸின் முதல் இதழான 'கத்திமுனையில் மாடஸ்டி'யின் நாயகி ஒரு பெண். அவளுக்குத் துணை நிற்கும் வில்லி கார்வின் என்னும் பலசாலி, அவளை 'இளவரசி' என்றே அழைத்து, அவளுடைய தலைமையை மனமுவந்து ஏற்கிறான். ஒரு பெண்ணுக்குப் பின்னால் நிற்பதில் ஓர் ஆணுக்கு எவ்விதக் குறைவும் இல்லை என்பதை 1984-லேயே நாட்டுப்புறத்துச் சிறுவர்களுக்கு அந்தப் பாத்திரம் உபதேசம் இன்றிக் கற்பித்தது. யாரை முன்னுக்கு அழைக்கிறோம், யாரைக் கடைசிவரை ஏவலாளாகவே வைக்கிறோம் என்பது அழகியல் விஷயம் மட்டுமல்ல, தர்மத்தின் விஷயமும் ஆகும் என்று வாசகர்கள் இன்று சொல்லத் தொடங்கியிருப்பது மிகவும் ஆரோக்கியமான மாறுதல்.

அரவானை மறவாத மண்

இவ்வளவு தீர்க்கமான அபிப்பிராயங்கள் சிற்றூர் வாசகர்களிடத்தில் எங்கிருந்து வந்தன என்று வியப்பவர்கள், இந்த வட்டாரத்தின் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களை நினைவுகூர வேண்டும். பாரதம் படித்து, இரவு முழுவதும் தெருக்கூத்து ஆடி, முடிவில் தீமிதி நடக்கும் அந்த விழாக்களில், ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு பாத்திரத்துக்கு உரியது. ஓரிரவு அபிமன்யுவுக்கு, ஓரிரவு அரவானுக்கு, ஓரிரவு கர்ணனுக்கு என்று முறை வைத்து ஆடும் அந்த ஏற்பாட்டைக் காட்டிலும், துணைப்பாத்திரத்துக்கென்று இதழ் ஒதுக்குவதற்கு முன்மாதிரி வேறு என்ன வேண்டும்? அர்ச்சுனனையும் பீமனையும் கொண்டாடும் அதே ஜனங்கள், போர்க்களத்தில் தோற்று விழுகிற கர்ணனுக்காகக் கண்ணீர் விடுகிறார்கள்.

'கர்ண மோட்சம்' கூத்தில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. அங்கே கர்ணனுடைய மனைவி பொன்னுருவிக்குத் தனித்த இடம் அளிக்கப்பட்டிருக்கிறது. கணவனுடைய பிறப்பைத் தாழ்வாக எண்ணி அவமதித்தவள், அவன் சாவை நோக்கிப் புறப்படுகிற தறுவாயில் உண்மையை அறிந்து துடிக்கிற அந்தச் சம்வாதம், நள்ளிரவுக்குப் பின்னும் ஜனங்களை உட்கார வைக்கிறது. துணைப்பாத்திரத்துக்குத் துணையாக வருகிறவளின் மனத்தையும் திறந்து காட்டிய கலை அது. பொழுது விடிந்து கலையும்போது, கர்ணன் வேஷக்காரர் அடவு நன்றாக இருந்ததா, பொன்னுருவி பாடியது உருக்கமாக இருந்ததா, துரியோதனனுடைய நட்பு மெய்யானதா என்று வழிநெடுகப் பேசிக்கொண்டு வீடு திரும்பியவர்களே, இந்த மண்ணின் ஆதி விமரிசகர்கள்.

அரவானுடைய விஷயம் இன்னும் பெரிது. பாண்டவர் வெற்றிக்காகத் தன்னையே களபலியாகக் கொடுத்த அந்த இளைஞன், இதிகாசப் பெருங்கதையில் சிறிது நேரமே தோன்றுகிறவன். தமிழ் மரபோ அவனுடைய தியாகத்தை விரித்துரைத்து, கூத்தாண்டவர் என்னும் பெயரால் அவனைத் தெய்வமாக்கி, கூவாகத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் கோயிலெடுத்துத் திருவிழா நடத்துகிறது. ஒருநாள் மட்டுமே மணவாழ்வு கண்ட அவனுக்காகத் திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதனை அறுத்து அழுகிறார்கள். சமூகம் பின்வரிசையில் நிறுத்திவைத்தவர்கள், காவியம் பின்வரிசையில் நிறுத்திவைத்தவனைத் தங்கள் நாயகனாகத் தேர்ந்துகொண்டது தற்செயலாக நேர்ந்ததன்று. வாசகனுடைய அபிப்பிராயம் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு இதைவிட மகத்தான உதாரணம் எனக்குத் தெரியாது.

கம்பனில் குகனையும் கும்பகர்ணனையும் சடாயுவையும் முன்னிறுத்தி நம் நாட்டில் நடந்துவரும் பட்டிமன்றங்களும் இதே மனப்பான்மையின் பயன்களே. 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகம் தோன்றிய காலந்தொட்டு, இராமனுடைய பெருமையில் ஐயம் எழுப்பாமலே, அண்ணனுக்காக உயிர்விட்ட கும்பகர்ணன் சிறந்தவனா, அறத்துக்காக அண்ணனைப் பிரிந்த வீடணன் சிறந்தவனா என்று தமிழர் மேடைதோறும் வாதாடி வந்திருக்கிறார்கள். பாகூரில் காமிக்ஸ் வாசகர் இருவர் டெக்ஸா கார்சனா என்று வாதிடும்போது, அந்த நெடிய மரபின் இளைய கிளை ஒன்று தளிர்ப்பதாகவே நான் கருதுகிறேன்.

ஓட்டும் கடிதமும்

அயல்நாட்டுச் சித்திரக்கதை உலகமும் துணைவர்களை முற்றிலும் மறந்துவிடவில்லை. சூப்பர்மேனுடைய இளம் தோழனான பத்திரிகைப் புகைப்படக்காரன் ஜிம்மி ஓல்சனின் பெயரால் 1954-இல் தனி இதழ் தொடங்கப்பட்டு, 1974 வரையில் இருபது ஆண்டுக் காலம் நடந்தது. லோயிஸ் லேனுக்கும் 1958-இல் அவ்வாறே ஓர் இதழ் பிறந்தது. லக்கி லூக் கதைகளில் வரும் அறிவு மந்தமான நாய்கூடப் பிற்காலத்தில் தனக்கென்று ஒரு தொடரைப் பெற்றுவிட்டது.

ஆனால் 1988-இல் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு சம்பவம், வாசகர் அபிப்பிராயம் என்பதைப் பற்றி நம்மை எச்சரிக்கிறது. பேட்மேனுக்குத் துணையாக இருந்த இரண்டாவது ராபின், ஜேசன் டாட் என்னும் சிறுவன், வாசகர் பலருக்குப் பிடிக்காமற் போனான். அவன் வாழ்வதா சாவதா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம் என்று பதிப்பாளர் அறிவித்து, இரண்டு தொலைபேசி எண்களைக் கொடுத்தார்கள். சாகட்டும் என்று 5,343 அழைப்புகளும், வாழட்டும் என்று 5,271 அழைப்புகளும் வந்தன. 72 அழைப்புகளின் வித்தியாசத்தில் அச்சிறுவன் மாண்டான். ஏன் அவன் சாக வேண்டும் என்று அந்தத் தொலைபேசி கேட்கவில்லை. ஏன் அவன் வாழ வேண்டும் என்று வாதாடவும் அது இடங்கொடுக்கவில்லை. காரணம் சொல்லத் தேவையில்லாத அபிப்பிராயம் எவ்வளவு சுலபமாகக் கொடூரமாகிவிடுகிறது என்பதற்கு இது கண்கூடான சாட்சி.

இதற்கு நேர்மாறானது கடிதம். நம்முடைய சிவகாசி இதழ்களில் 'ஹாட்லைன்' என்ற தலைப்பில் ஆசிரியர் வாசகர்களோடு மனம்விட்டுப் பேசுவதும், வாசகர் கடிதங்கள் பாராட்டையும் கண்டனத்தையும் தாங்கி வெளிவருவதும் நீண்டகால வழக்கம். கடிதம் எழுத உட்காருகிறவன், தனக்கு ஒரு பாத்திரம் பிடித்ததற்கோ பிடிக்காததற்கோ காரணத்தைத் தேடியாக வேண்டும். தேடும்போதே அவனுடைய கோபம் சற்றுத் தணிகிறது, அன்பு சற்றுத் தெளிகிறது. மேலே சொன்ன மூன்று வகை அபிப்பிராயங்களும் ஒன்றோடொன்று மாறுபட்டாலும், ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. அவை எண்ணப்பட வேண்டியவை அல்ல, கேட்கப்பட வேண்டியவை.

பேச்சோடு போகாமல்

வருந்தத்தக்க செய்தி என்னவெனில், வில்லியனூரிலும் பாகூரிலும் பேசப்படுகிற இந்த அபிப்பிராயங்களில் பெரும்பகுதி பேச்சோடு பேச்சாகக் காற்றில் கலந்துவிடுகிறது. பொன்னுருவியைப் பற்றி விடியற்காலையில் பேசிக்கொண்டு நடந்தவர்களின் விமரிசனம் எழுதப்படாமற் போனதைப் போல, கார்சனைப் பற்றிப் பேசுகிறவர்களின் விமரிசனமும் எழுதப்படாமல் போகலாகாது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், பாகூரில் இயங்கிய வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்லுகிறது. கல்விக்கு ஊர்களையே எழுதிக் கொடுத்த பூமியில், வாசகர்கள் கூடிப் பேச ஒரு மாலை நேரமும், அவர்கள் பேச்சை எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் கிடைப்பது அரிதான காரியமாக இருக்கக் கூடாது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். கொம்யூன்களின் கிளை நூலகங்கள் சித்திரக்கதைகளைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்காமல், அவற்றுக்கு ஓர் அலமாரி கொடுக்க வேண்டும். வாங்கும் வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கும் வெள்ளிமுடியாரைச் சந்திக்கும் பாக்கியம் கிட்ட வேண்டும். பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்கள், நாயகனைப் பற்றி எழுதச் சொல்லும் வழக்கமான கட்டுரைப் பயிற்சிக்கு நடுவே, ஆண்டுக்கு ஒருமுறையேனும், கதையில் மிகக் குறைவாகப் பேசும் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து அதன் மனத்தை எழுதும்படி மாணவர்களைத் தூண்ட வேண்டும். வாசக அன்பர்களோ, இதழைப் படித்து முடித்த சூட்டோடு, பிடித்ததென்றோ பிடிக்கவில்லையென்றோ ஒற்றைச் சொல்லில் தீர்ப்பளித்துவிட்டு நகராமல், காரணத்தோடு ஆசிரியருக்கு எழுத வேண்டும். ஒரு துணைவனின் கதை மறுபதிப்புக் காண்பதும் காணாமற் போவதும் அந்த எழுத்துக்களைப் பொறுத்தது என்பதை, கார்சனின் கதை இரண்டாம் முறை வண்ணத்தில் வந்தே நிரூபித்துவிட்டது.

நாட்டில் நாயகர்கள் சிலர். பின்னால் நின்று பாரம் சுமப்பவர்களே பலர். வயலில் நாற்று நடுகிறவர்களும், ஏரி மதகைத் திறந்து மூடுகிறவர்களும், பேருந்தை விடியற்காலையில் எடுக்கிறவர்களும் அந்தப் பலரில் அடங்குவார்கள். இந்தக் கொம்யூன்களின் காமிக்ஸ் வாசகர்களில் பெரும்பாலோரும் அவர்களே. கற்பனையில் ஒரு துணைவனைக் கூர்ந்து கவனித்து, அவனுக்கும் ஒரு கடந்த காலம் உண்டு, அவனுக்கும் ஒரு காதலும் ஒரு காயமும் உண்டு என்று ஒப்புக்கொள்ளப் பழகிய மனம், தன் பக்கத்தில் நின்று உழைப்பவனையும் அவ்வாறே பார்க்கும். அந்தப் பழக்கத்தைச் சிறுவயதிலேயே ஊட்டுகிற இதழ் எதுவாயினும், அது இத்தாலியிலிருந்து வந்திருந்தாலும் சிவகாசியில் அச்சானாலும், நம் மண்ணுக்கு உரியதே. அதைப் பற்றி நம் வாசகர்கள் சொல்லும் வார்த்தை ஒவ்வொன்றும் இலக்கியத்தின் கணக்கில் வரவு வைக்கத் தகுந்ததே.